பின்பக்கம் இன்னும் வெள்ளைதான்

— அத முதல்ல கழட்டுடி.

— எத?

— மூஞ்சியில மாட்டியிருக்கியே, அந்தப் பன்னி மூக்க. நீ கதவத் தட்டும்போதே சொல்லணும்னு நெனச்சேன்.

— இது முகமூடி, மாரீன். ரெண்டு பக்கமும் ஃபில்டர் வச்சது.

— எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். நம்ம கம்பெனி ரூல் என்ன? கஸ்டமர் முன்னாடி முகமூடி கூடாது. பாத்தா பயந்துடுவாங்க, உடம்புக்கு கலர் அடிக்க வந்தாளா, மூட்டப்பூச்சிக்கு மருந்தடிக்க வந்தாளான்னு. அந்த ரூல எழுதினது யாரு?

— நீங்க.

— கம்பெனி யாரோடது?

— உங்களோடது. மூக்கு என்னோடது.

— அடேங்கப்பா! மூணு வருஷம் முன்னாடி ஸ்பிரே கன்ன தலைகீழாப் பிடிச்சிட்டு நின்ன ஷிவோனா இது? கழட்டுங்கறேன்ல.

— கழட்டினா கன்னையும் பெட்டியில வச்சிட்டு கெளம்பிடுவேன். உங்க இஷ்டம்.

— நாளைக்கு குதிரப் பந்தயம். லேடீஸ் டே, பொம்பளைங்க சிங்காரிச்சிட்டு வர்ற நாள். இந்த லிவர்பூல்ல இருக்கற பொம்பளைங்க அத்தன பேரும் வெயில்ல காஞ்ச பிரவுன் நிறமாத் தெரியணும்னு இன்னைக்குத்தான் கலர் அடிச்சிக்கறாங்க. இவ கெளம்பிடுவாளாம். சரி, மாட்டிக்கிட்டே தொல. என் வீடுதானே, வெளியாள் யாரும் இல்ல. ஆமா, நீ மட்டுந்தானே வந்தே? மாடிப்படியில ரெண்டு பேரு ஏறற மாதிரி சத்தம் கேட்டுது.

— கலர் அடிக்க உள்ள நிக்கற டென்ட்டு, மடிச்சுத் தூக்கிட்டு வந்தேன், படியில இடிச்சிருக்கும். ஜன்னலத் திறக்கட்டுமா?

— கைய வைக்காத அதுல. ஏப்ரல் மாசம் ஆத்துப்பக்கமிருந்து வர்ற காத்து எப்படி இருக்கும்னு தெரியாதா உனக்கு? புல்லரிச்சா கலர் புள்ளி புள்ளியா நிக்கும். அது போதாதுன்னு எதிர்வீட்டுல டோரத்தி. அந்தத் திரையப் பாரு. ஆடுதா? காத்துல ஆடல, அவ ஆட்டறா. நான் இந்தக் காகித ஜட்டியும் பிளாஸ்டிக் தொப்பியுமா நிக்கறத அவ ஒரு தடவ பாத்தான்னா போச்சு, ஞாயித்துக்கிழம சர்ச்சுல பாதிரியார் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க.

— அப்ப எக்ஸாஸ்ட் ஃபேன்?

— எந்த ஃபேன்?

— அதான். எந்த ஃபேன்.

— குத்தாத, செல்லம். வேலையப் பாரு. எப்பவும் எனக்கு கார்லாதான் அடிப்பா. பெத்த பொண்ணுன்னு சொல்லல, அவ கைவாகு அப்படி, ஒரு கோடு தெரியாது. இன்னைக்குப் பாத்து தலவலியாம். போன எடுக்கல, ஒரு வரி மெசேஜ். தலவலி வர்ற நாளப் பாரு!

— ம்.

— என்ன ம்?

— உள்ளங்கையில கலர் ஒட்டாம இருக்க கிரீம் தடவினீங்களா?

— எனக்கே பாடமா? இருபத்தஞ்சு வருஷமா அடிக்கறேன்.

— தடவினீங்களா, இல்லையா?

— இல்ல. குடு.

— வலது கால் ஒரு அடி முன்னாடி. கைய விரிச்சு வைங்க. நாளைக்கு என்ன டிரஸ்?

— எலுமிச்ச மஞ்ச. முன்னாடி கழுத்து வரைக்கும் மூடி, அடக்க ஒடுக்கமா இருக்கும். திரும்பினேன்னா இடுப்பு வரைக்கும் ஒண்ணும் கிடையாது! முதுகு பூரா கலர். அதுதான் விளம்பரமே. 'இது யாரு அடிச்சது?'ன்னு எவளாவது கேட்டா கைப்பையிலேர்ந்து கார்ட எடுத்து நீட்டுவேன். முந்நூறு கார்டு அச்சடிச்சு வச்சிருக்கேன்.

— நல்லது. இப்ப முகம். கண்ண மூடுங்க. மூச்ச இழுத்துப் பிடிங்க. விடாதீங்க... விடாதீங்க... ம், விடலாம்.

— அப்பாடா.

— ஏன் மாரீன், முகத்துக்கு அடிக்கும்போது மூச்சப் பிடிக்கச் சொல்றோமே, எதுக்கு?

— இது என்ன கேள்வி? உள்ள போயிடக் கூடாதுன்னுதான்.

— ஓ. உள்ள போகும்.

— பத்து செகண்டு பிடிச்சா போகாது.

— கஸ்டமருக்கு பத்து செகண்டு. அடிக்கறவளுக்கு?

— நீயும் பிடி. யாரு வேணாங்கறா?

— நேத்து பதினோரு உடம்பு அடிச்சேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூச்சப் பிடிச்சிருந்தா இன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். என்னப் பெட்டியில வச்சு பூ வச்சிருப்பாங்க.

— வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அந்தக் காலத்துல டென்ட்டே கிடையாது, தெரியுமா? எங்கம்மா வீட்டு கார் ஷெட்டுல நாலு பக்கமும் பழைய போர்வையக் கட்டி அடிச்சேன். புருஷன் போனப்ப கார்லாவுக்கு ரெண்டு வயசு. இந்தக் கையில குழந்த, இந்தக் கையில கன். அவ தொட்டிலு அங்கயே பக்கத்துலதான் கெடந்துது. நாங்க என்ன செத்தா போயிட்டோம்? எனக்கு ஒண்ணும் ஆகல.

— காலையில இருமறீங்களே, அரை மணி நேரம்.

— அது வயசு.

— அப்படியா.

— அப்படித்தான். முன்பக்கம் முடிஞ்சுதா? திரும்பவா? இரு, இரு, இது என்னடி இது? ஐயையோ, என் சுவரு!

— எங்க?

— எங்கயா? கண்ணு அவிஞ்சு போச்சா? டென்ட்டுக்கு மேல பாரு! போன வாரம் ஒட்டின பேப்பர்டி அது, தந்தக் கலரு! டீய ஊத்தின மாதிரி புகை புகையா நிக்குது. லேம்ப் ஷேடு! பட்டுத் துணி அது! போச்சு, அதுவும் போச்சு!

— டென்ட்டுக்கு முன்பக்கம் கிடையாது, மாரீன். தலைக்கு மேலயும் அரைகுறை. உடம்புல ஒட்டாத கலர் எங்கயாவது போகணும்ல? காத்துல மெதந்து, கெடச்ச எடத்துல உக்காந்துக்கும்.

— அறிவு இருக்கா உனக்கு? ஃபேன் வச்சு உறிஞ்சி வெளிய விட வேண்டியதுதானே! குழாய் வச்ச ஃபேன் இருக்குல்ல?

— எந்த ஃபேன்? போன அக்டோபர்ல நாங்க அஞ்சு பேரும் வந்து உங்க ஆபீஸ்ல நின்னு கேட்டோமே, அந்த ஃபேனா? 'ஜன்னலுன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்காங்க'ன்னு சொல்லி அனுப்பினீங்களே, அதுவா?

— சரி சரி. நாளன்னைக்கே ஒண்ணு வாங்கிடறேன். இந்த மாரீன் சொன்னா செய்வா. இந்த மாதிரி ஒரு சுவரு கஸ்டமர் வீட்டுல ஆச்சுன்னா நஷ்ட ஈடு யாரு குடுக்கறது?

— சுவருக்கு வாங்கறீங்க.

— என்ன?

— சுவரு ஒரு தடவ கலராச்சு, உடனே ஃபேன் வாங்கறீங்க. நாங்க கேட்டு ஆறு மாசம் ஆச்சு. நம்மகூட கலர் அடிச்சிட்டிருந்த பெர்னி மயங்கி விழுந்து ரெண்டு மாசம் ஆச்சு.

— பெர்னிய எதுக்கு இழுக்கற இதுல? திரும்பறேன், முதுகுக்கு அடி. நிக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு.

— திரும்ப வேணாம்.

— ஏன்?

— கன்ன கீழ வச்சிட்டேன்.

— எடு.

— மாட்டேன்.

— ஷிவோன், விளையாடாத. முன்னாடி பிரவுனு, பின்னாடி வெள்ள. கோழிய ஒரு பக்கம் வறுத்துட்டு அடுப்ப அணைப்பாங்களாடி?

— நான் அணைச்சிட்டேன். இனிமே அஞ்சு டென்ட்டுக்கும் அஞ்சு ஃபேன். குழாயோட. ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள்ள எவளையும் அனுப்பக் கூடாது. முகமூடி ரூல கிழிச்சுப் போடணும். பெர்னிய திரும்ப வேலைக்குக் கூப்பிடணும், நீங்களே போன் பண்ணி. அதுக்கப்புறம் உங்க முதுகு.

— மெரட்டறியா? என்ன இப்படி அரைத் துணியோட நிக்க வச்சு மெரட்டறியா?

— துணியோட நின்னப்ப கேட்டுப் பாத்தாச்சு. காதுல விழல.

— உன்ன வேலைய விட்டுத் தூக்கறேன். இப்பவே. இந்த நிமிஷமே.

— தூக்குங்க. முதுகு?

— நீ இல்லன்னா ஊர்ல ஆளே இல்லையா? அந்த போன இங்க குடு. ஹலோ, லின்? செல்லம், எங்க இருக்க? ஒரு அவசரம், என் வீட்டுக்கு ஓடி வரணும் நீ... ஆமா, ஷிவோன் இங்கதான் இருக்கா... என்ன? என்ன ஃபேன்? நீயுமா? லின்! லின்! வச்சிட்டா.

— மத்த ரெண்டு பேருக்கும் போட்டுப் பாருங்க. அதையேதான் சொல்லுவாங்க.

— லேடீஸ் டேக்கு முந்தின நாள்! நாப்பது வீடு ஒத்துக்கிட்டிருக்கேன்! எல்லாரும் சேந்து என் கம்பெனிய இழுத்து மூடப் பாக்கறீங்களா?

— யாரு சொன்னா? எல்லாரும் வேலைக்குப் போயிட்டுதான் இருக்கோம். முகமூடி மாட்டிக்கிட்டு, ஜன்னலத் திறக்கச் சொல்லி. காலையில நான் நாலு வீடு முடிச்சிட்டுதான் இங்க வந்தேன்.

— அய்யோ! முகமூடியோடவா? என்ன சொன்னாளுங்க?

— மூணு பேரு ஒண்ணும் சொல்லல. நாலாவது ஒருத்தி கேட்டா.

— பாத்தியா! நான்தான் சொன்னேன்ல! என்ன கேட்டா?

— 'எனக்கும் ஒண்ணு இருக்கா'ன்னு கேட்டா. சரி, இதப் பாருங்க.

— என்ன இது? ஷூ டப்பாவா? உள்ள என்ன, சாண்ட்விச் கவரா?

— கவருக்குள்ள டிஷ்யூ. வேல முடிஞ்சதும் ஒவ்வொருத்தியும் மூக்கச் சிந்தினது. மேல பேரு, தேதி, அன்னைக்கு எத்தன உடம்பு அடிச்சோம்னு எழுதியிருக்கு. பெர்னி விழுந்த அன்னையிலேர்ந்து சேத்தது.

— மூக்க... ஹா ஹா ஹா! அம்மாடி! சளிக்குத் தேதி போட்டு... ஹா ஹா... வயிறு வலிக்குதுடி! மியூசியத்துல வைக்கப் போறீங்களா?

— சத்தமாச் சிரிக்காதீங்க.

— என் வீடு, என் வாய், சிரிப்பேன். ஏன், பக்கத்து வீட்டுல யாராவது தூங்கறாங்களா?

— சும்மா சொன்னேன். சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா இதக் கையில பிடிங்க. லின். ஏழு உடம்பு.

— பாலு ஊத்தின டீ மாதிரி இருக்கு. சீ.

— இது நான். பதினொண்ணு.

— சரி, கொஞ்சம் கருப்பாத்தான் இருக்கு. மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வடிகட்டறதுக்குத்தான். வடிகட்டியிருக்கு. நல்ல மூக்கு.

— எல்லாத்தையும் வடிகட்டல. இது பெர்னி. அந்தக் கல்யாண வீடு. பாத்ரூம்ல ஜன்னல் கிடையாது. பொண்ணும் தோழிங்க அஞ்சு பேரும், ஒருத்தி மாத்தி ஒருத்தி. கதவத் திறந்தா ஹால்ல இருக்கற ஆம்பளைங்க பாப்பாங்கன்னு தாழ் போட்டுக்கிட்டாங்க. ஆறாவது பொண்ணோட காலுக்கு அடிச்சிட்டிருக்கும்போது பெர்னி தரையில உக்காந்துட்டா. உதடு நீலமாயிடுச்சாம். அந்தக் கல்யாணப் பொண்ணுதான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணா, உடம்பு பூரா ஈரக் கலரோட.

— பெர்னி சிகரெட்டு ஊதுவா. அதான் காரணம்.

— பெர்னி சிகரெட்ட விட்டு நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்கே தெரியும். விட்டதுக்கு ஆபீஸ்ல கேக் வாங்கி வெட்டினது நீங்கதான். 'நாடகக்காரி, லீவுக்கு அலையறா'ன்னு சொன்னீங்க. எங்க எல்லாரையும் ஆபீஸ்ல நிக்க வச்சுக்கிட்டு சொன்னீங்க. அவ இருமற மாதிரி இருமிக் காட்டினீங்க. சிரிச்சீங்க. நாங்களும் சிரிச்சோம், மாரீன். வேல போயிடுமோன்னு சிரிச்சோம். வெக்கமா இருக்கு எனக்கு, இன்னைக்கு வரைக்கும்.

— இங்க பாரு, செல்லம். நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. ஒத்த ஆளா நின்னு கட்டினது இந்தக் கம்பெனி. பயந்தா கட்டியிருக்க முடியுமா? நான் அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா அந்தக் குழந்தைக்கு யாரு சோறு போட்டிருப்பா? இருமல் வந்தா தண்ணி குடிச்சேன், அடுத்த வீட்டுக்குப் போனேன். என் பொண்ணையும் அப்படித்தான் வளத்தேன். கார்லா ஒரு நாள், ஒரே ஒரு நாள், இருமுதுன்னு வந்து நின்னிருப்பாளா எங்கிட்ட?

— நின்னதில்ல.

— அதத்தான் சொல்றேன்!

— நானும் அதத்தான் சொல்றேன். இன்னும் ஒரு கவர் பாக்கி. நேத்தோடது. பேரு எழுதல.

— இது என்ன, காப்பித்தூளா? டிஷ்யூவா இது? பதினாறா? யாருடி பதினாறு உடம்பு அடிச்சது? நான் எவளுக்கும் பதினாறு போடலியே.

— பெர்னி போயிட்டிருந்த கஸ்டமர் வீடெல்லாம் ஆளில்லாம நின்னுது. ஒருத்தி எல்லாத்தையும் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிட்டா. கஸ்டமர் கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு. கம்பெனி பேரு கெட்டுடக் கூடாதுன்னு. முகமூடி மாட்டுடின்னு சொன்னேன். ரூல நானே மீறினா நல்லா இருக்காதுன்னுட்டா.

— பைத்தியக்காரி. ஆனா நல்ல பொண்ணு. எங்கிட்ட ஏன் சொல்லல? யாரு, புதுசா வந்தாளே, அவளா?

— எழுத்தப் பாருங்க.

— பதினாறுன்னு ரெண்டு நம்பர் இருக்கு, அதுல என்ன எழுத்து? ஒண்ணு, ஆறு... இந்த ஆறு...

— ம்.

— இந்த ஆறு. வால இப்படி உள்ள சுழிச்சு... ஸ்கூல்ல டீச்சர் எத்தன தடவ அடிச்சுத் திருத்தினாலும் அவ இப்படித்தான்... ஷிவோன். தலவலின்னு சொன்னாளே.

— உங்ககிட்ட தலவலின்னு சொன்னா.

— எங்கிட்ட ஏண்டி பொய் சொல்லணும்? நான் அவ அம்மாடி!

— பெர்னி மாதிரி நீங்க இருமிக் காட்டினப்ப அவளும் அங்கதான் நின்னா. நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாஸ்க் வச்சு மருந்து குடுத்தாங்க. மூச்சுல இழுக்கற மருந்து எழுதிக் குடுத்து அனுப்பினாங்க. இனிமே இந்தக் காத்துல அவ ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்கு உங்ககிட்ட அவளே நேர்ல சொல்றேன்னுதான் வந்தா.

— வந்தாளா? எங்க வந்தா?

— நீங்க கேட்ட ரெண்டு பேர் சத்தம் நெசந்தான். உங்க வீட்டு மாடிப்படி பதிமூணு. ஏழாவது படியில நின்னுட்டா. மூச்சு வாங்குது, பேச்சு வரல. இப்படி உங்க முன்னாடி வந்து நிக்க மாட்டேன்னு எறங்கிட்டா. கீழ, என் வண்டியில உக்காந்திருக்கா.

— இவ்ளோ நேரமா? வாசல்லயா? நான் இங்க நின்னு சுவரு சுவருன்னு... கடவுளே. ஏண்டி முதல்லயே சொல்லல?

— சொல்லாதன்னா. 'முதல்ல அந்த டப்பாவ காட்டு. அம்மா சிரிக்கலன்னா என்னக் கூப்பிடு. சிரிச்சா நீ கூப்பிட வேணாம், நான் இப்படியே போயிடறேன், இனிமே இந்த வீட்டுக்கு வர மாட்டேன்'ன்னா.

— நான் சிரிச்சேனே, ஷிவோன்.

— சிரிச்சீங்க.

— சத்தமாச் சிரிச்சேனே. அவளுக்குக் கேட்டிருக்குமா?

— ஜன்னல் சாத்தியிருந்துது.

— தள்ளுடி.

— மாரீன்? எங்க போறீங்க? கலர் இன்னும் காயல, திரை பூரா ஒட்டும்! அந்த ஜன்னல் தாழ்ப்பாள விடுங்க, மேல ஒரு துணியாவது சுத்திக்குங்க! டோரத்தி நிக்கறா, மாரீன், டோரத்தி திரைய முழுசா விலக்கிட்டு நிக்கறா!

— பாக்கட்டும்! கார்லா! ஏய், கார்லா! போயிடாதடி, அங்கயே இரு! நீ ஏறாத, அம்மா எறங்கி வரேன்!